கொழும்பு ஃபிளாட்டில் செர்ரி இறால்: முதலில் தண்ணீரைத் தயார்படுத்துங்கள்

நாய், பூனை வைத்திருக்க முடியாத வீடுகள் கொழும்பில் அதிகம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று எங்கே பார்த்தாலும் அடுக்குமாடிதான். இரண்டு அறை, ஒரு சின்ன பல்கனி, சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம். அனுமதி கிடைத்தாலும்கூட, காலையில் பூட்டி இரவில் திறக்கும் வீட்டில் ஒரு நாயை அடைத்து வைப்பது அந்த உயிருக்குச் செய்யும் அநியாயம்.

அதனால் வித்தியாசமாக ஏதாவது வளர்க்கலாம் என்று தேடுகிறவர்களில் சிலர் பிழையான பக்கம் போய்விடுகிறார்கள். நட்சத்திர ஆமையோ தேவாங்கோ எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். இரண்டுமே 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. நட்சத்திர ஆமை 2019இலிருந்து, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பிலும் இருக்கிறது. அதாவது நாடுகளுக்கிடையே அதை வியாபாரத்துக்காகக் கொண்டுபோகவே முடியாது. வீட்டில் வைக்க ஆசைப்படுகிற ஒவ்வொருவருக்காகவும் காட்டில் ஒரு ஆமை குறைகிறது.

மேசையின் ஒரு மூலை, ஒரு பிளக், கொஞ்சம் பொறுமை. இவ்வளவுதான் இருக்கிறது என்றால் நான் சொல்வது செர்ரி இறால். வளர்ந்தாலும் இரண்டு, இரண்டரை சென்ரிமீற்றர்தான். கறிக்கு வாங்கும் கூனியைவிடச் சற்றுப் பெரிது. சத்தம் இல்லை, மணம் இல்லை, கடி இல்லை. நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஒரு கிழமை, பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தாலும், பழகிய தொட்டியில் பாசியையும் இலைகளையும் மேய்ந்துகொண்டு இருக்கும். எயார் பம்ப் 3 வொற், விளக்கு 10 வொற் என்று வைத்து, விளக்கை நாளுக்கு ஏழு மணித்தியாலம் எரித்தால், இரண்டுக்கும் சேர்த்து மாதத்துக்கு ஏறக்குறைய நாலேகால் அலகு மின்சாரம்.

இதன் பூர்வீகம் சீனா, தைவான், கொரியாப் பக்கத்து நன்னீர் ஓடைகள். அங்கே அது மண்நிறமும் பச்சையும் கலந்த சாதாரண இறால். சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் மனிதர் தெரிந்தெடுத்துப் பெருக்கிய நிறங்கள். அதனால் ஒரு தொட்டிக்கு ஒரு நிறம் மட்டும். சிவப்பையும் நீலத்தையும் சேர்த்து விட்டால் சில தலைமுறைக்குள் குஞ்சுகள் பழைய மண்நிறத்துக்கே திரும்பிவிடும்.

கடைகளில் சிவப்பும் வெள்ளையும் பட்டையாக இருக்கும் கிறிஸ்டல் இறாலும் கண்ணை இழுக்கும். கொழும்பில் முதல் தொட்டிக்கு அது வேண்டாம். கனிமம் குறைந்த எங்கள் மென்னீர் அதற்கு நன்றாகவே ஒத்துவரும். ஆனால் அது 20 முதல் 24 பாகை செல்சியஸ் வரை கேட்கிற உயிர். குளிரூட்டி இல்லாமல் கொழும்பில் அந்த வெப்பநிலை வராது. அமானோ இறால் பாசி தின்பதில் கெட்டிக்காரன், ஆனால் அதன் குஞ்சுகளுக்கு உவர்நீர் வேண்டும், வீட்டுத் தொட்டியில் பெருகாது. செர்ரிக்கு இந்தச் சிக்கல் ஒன்றும் இல்லை. முட்டையிலிருந்து வெளியே வரும்போதே இரண்டு மில்லிமீற்றர் அளவில், தாயின் அச்சாக இருக்கும்.

தொட்டியும் அதன் இடமும்

நீளம் 45, அகலம் 30, உயரம் 30 சென்ரிமீற்றர் என்று ஒரு கண்ணாடித் தொட்டி வாங்குங்கள். மண்ணும் மேல் இடைவெளியும் போக 35 லீற்றர் தண்ணீர் நிற்கும். சின்னப் போத்தல், பூச்சாடி அளவுக் கிண்ணம் என்று படங்களில் பார்ப்பதை நம்ப வேண்டாம். தண்ணீர் குறையக் குறைய வெப்பமும் கழிவும் வேகமாக ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இறால் சாகிறது. 20 லீற்றருக்குக் கீழே போகாதீர்கள். நிரப்பிய தொட்டி, கண்ணாடியும் மண்ணும் சேர்த்து 45 கிலோவைத் தாண்டலாம். ஆடாத மேசையாக இருக்கட்டும்.

மரைன் டிரைவ் பக்கம் பார்த்த மேற்கு யன்னலோரம் வைக்க வேண்டாம். பின்னேர வெயில் நேரே விழுந்தால் தண்ணீர் கொதித்துப் போகும், பாசியும் கண்ணாடியை மூடிவிடும். குசினிக்குப் பக்கமும் சரிவராது.

எயார் பம்ப் எங்கே இருக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. அது அறையின் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிற இயந்திரம். அறையில் நுளம்புத் திரி எரிந்தால், பிளக்கில் மாட்டும் நுளம்பு மருந்து ஓடினால், கரப்பான் மருந்து அடித்தால், அந்த ஆவி எல்லாம் குமிழியாகத் தொட்டிக்குள் போகும். இந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது பைரித்ரொயிட் வகை நஞ்சு. நுளம்பைக் கொல்கிற அதே வழியில் அது இறாலையும் கொல்லும், அதுவும் மிகச் சிறிய அளவிலேயே. இறால் இருக்கும் அறையில் நுளம்பு வலை மட்டும்தான். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையும் உள்ளே போகத் தேவையில்லை. அந்த அரை மணித்தியாலம் பம்பை நிறுத்தி வையுங்கள்.

பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே உள்ள தட்டில் வையுங்கள். கீழே வைத்தால் கரண்ட் போகும்போது தண்ணீர் குழாய் வழியாகப் பின்னோக்கி வழிந்து பம்பையும் பிளக்கையும் நனைத்துவிடும். வேறு வழியில்லாமல் கீழேதான் வைக்க வேண்டும் என்றால் குழாயின் நடுவில் ஒருவழி வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும்.

பில்டர் என்றால் எயார் பம்பால் ஓடும் ஸ்பொஞ்ச் பில்டர்தான். மோட்டர் பில்டர்கள் குஞ்சுகளை உள்ளே இழுத்துவிடும். ஸ்பொஞ்சின் மேலேயே இறால்கள் உட்கார்ந்து மேயும், அதுவே அவற்றுக்கு ஒரு சாப்பாட்டுக் களம். மண்ணுக்கு ஒன்று முதல் மூன்று மில்லிமீற்றர் பரல், மூன்று சென்ரிமீற்றர் உயரத்துக்குப் போதும். கடற்கரை மணல் வேண்டாம், அதில் உப்பு இருக்கும். செடித் தொட்டிகளுக்கென்று விற்கும் கறுப்பு உருண்டை மண்ணும் வேண்டாம். அது தண்ணீரின் காரத்தன்மையை உறிஞ்சிவிடும். கொழும்புத் தண்ணீரில் உறிஞ்சக் கொடுக்க ஒன்றும் இல்லை.

செடிகளில் ஜாவா மொஸ் முக்கியம். ஒரு கைப்பிடி மொஸ் இல்லாத தொட்டியில் குஞ்சு தப்புவது கடினம். கிரிப்டோகோரினும் நன்றாக வரும். வென்டியை வகை இலங்கைக்கே உரிய செடி; காட்டு ஓடையிலிருந்து பிடுங்கியதை வாங்காமல் பண்ணையில் வளர்த்ததை மட்டும் வாங்குங்கள். எந்தச் செடியாக இருந்தாலும் நேரே தொட்டிக்குள் போடாதீர்கள். விற்பனைக்கு வளர்த்த செடிகளில் பூச்சிமருந்து ஒட்டியிருக்கலாம். தனி வாளியில் ஒரு கிழமை ஊறவிட்டு, நாளுக்கு ஒரு தடவை தண்ணீரை மாற்றி, பிறகு போடுங்கள். புதிய செடி போட்ட இரண்டாம் நாள் தொட்டி முழுக்கச் செத்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

குழாயில் வருவது வெறும் தண்ணீர்

கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி ஆற்றில் அம்பத்தளையிலிருந்தும், மலையடிவார நீர்த்தேக்கங்களான லபுகம, களட்டுவாவையிலிருந்தும் வருகிறது. மழைநீரும் ஆற்றுநீரும் என்பதால் கரைந்த கனிமம் மிகக் குறைவு. கேத்தலில் வெள்ளைப் படிவு பிடிக்காதது அதனால்தான். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வரும் கிணற்றுத் தண்ணீர் நேர் எதிர். அங்கே கேத்தல் ஒரு மாதத்தில் வெள்ளை ஓடு கட்டிவிடும்.

இறாலுக்கு இது உயிர்ப் பிரச்சினை. அதன் உடம்பைச் சுற்றியிருக்கும் ஓட்டை மூன்று, நான்கு கிழமைக்கு ஒருமுறை கழற்றிப் புதிதாகக் கட்டுகிறது. அந்தக் கட்டுமானத்துக்கு கல்சியமும் மக்னீசியமும் தண்ணீரிலிருந்தும் வர வேண்டும். வெறும் கொழும்புத் தண்ணீரில் விட்ட இறால் ஓரிரு கிழமை நன்றாக இருக்கும். பிறகு ஓடு கழற்றும்போது, தலைக்கும் உடலுக்கும் நடுவில் வெள்ளை வளையம் ஒன்று தெரியும். பழைய ஓட்டிலிருந்து வெளியே வர முடியாமல் செத்துவிடும். கடைக்காரர் நோய் என்பார், மருந்து ஒன்றும் தருவார். தண்ணீரில் கனிமம் இல்லாததற்கு மருந்து என்ன செய்யும்?

செர்ரி இறாலுக்கு வேண்டிய அளவுகள் இவை: மொத்தக் கடினத்தன்மை, அதாவது ஜீஎச், 6 முதல் 8 பாகை, காரக் கடினத்தன்மையான கேஎச் 2 முதல் 5, பிஎச் 6.8 முதல் 7.8, தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்தப் பொருளின் அளவான டீடிஎஸ் 150 முதல் 250. துளிவிட்டுப் பார்க்கும் ஜீஎச், கேஎச் டெஸ்ட் கிட்டும் பேனா போன்ற டீடிஎஸ் மீற்றரும் வாங்கிவிடுங்கள். உங்கள் வீட்டுக் குழாயை முதலில் அளந்து பாருங்கள். சில கட்டடங்களில் கிணற்று நீரும் கலந்து வரும். கடலோரக் கிணறுகள் உவர்ப்பாக இருக்கலாம், அந்த நேரம் கணக்கு வேறு.

கடையில் இறாலுக்கென்று விற்கும் கனிமத் தூள் வாங்கலாம். வீட்டிலேயே கலக்கவும் முடியும். குழாய்த் தண்ணீர் ஏறக்குறையப் பூச்சியம் என்று வைத்துக்கொண்டு, 20 லீற்றருக்கு:

சுத்தமான ஜிப்சம் (உணவுத் தரம் அல்லது ஆய்வுகூடத் தரம்) 2.5 கிராம். இது ஜீஎச்சை 4 பாகை ஏற்றும்.
பாமசியில் கிடைக்கும் எப்சம் உப்பு 1.8 கிராம். இதனால் இன்னும் 2 பாகை.
அப்பச்சோடா 1.2 கிராம். கேஎச் 2 பாகை ஏறும்.

35 லீற்றரை முதன்முதல் நிரப்பும்போது இவை முறையே 4.4, 3.1, 2.1 கிராம். கரண்டிக் கணக்கு இங்கே உதவாது. செட்டியார் தெருவில் பொன் நிறுக்கிற மாதிரி, 0.01 கிராம் வரை காட்டும் சின்ன இலக்கத் தராசு ஒன்று வேண்டும். ஜிப்சம் கரையச் சோம்பல்படும். முதலில் ஒரு லீற்றரில் போட்டு நன்றாகக் குலுக்கி, பிறகு வாளிக்குள் ஊற்றிக் கலக்குங்கள். இரவு முழுக்க, எயார் குழாயின் நுனியில் மாட்டிக் குமிழி விடும் காற்றுக்கல் ஒன்று ஓடினால் முழுவதும் கரைந்துவிடும். சிலை செய்யும் பிளாஸ்டர் தூளையோ தோட்ட உரமாக வரும் ஜிப்சத்தையோ பயன்படுத்தாதீர்கள், கூட என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. அப்பச்சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போடுவதும் கூடாது; அதில் அமிலமும் மாவும் சேர்ந்திருக்கும்.

ஒரு துண்டு கணவாய் ஓட்டையும் தொட்டிக்குள் போட்டு வைப்பது நல்லது. மீன் சந்தையில் கேட்டாலே கிடைக்கும். உப்புப் போக நன்றாக ஊறவிட்டு, பத்து நிமிடம் அவித்துப் போடுங்கள். முதலில் மிதக்கும், பிறகு தாழும். தண்ணீர் அமிலப் பக்கம் சரியும்போது அது கரைந்து தாங்கிக் கொடுக்கும். ஆனால் அதில் மக்னீசியம் மிகக் குறைவு, வேகமும் போதாது. அதை மட்டும் நம்பி எப்சம் உப்பை விடாதீர்கள். பவளக்கல் தேடிப் போக வேண்டாம். இலங்கைக் கரையோரத்தில் பவளம் அகழ்வது தடைசெய்யப்பட்டது.

குளோரின் விஷயம் எளிது. அகன்ற வாளியில் காற்றுக்கல் போட்டு 24 மணித்தியாலம் விட்டால் போய்விடும். அவசரம் என்றால் அன்டி குளோரின் என்று விற்கும் வெள்ளைப் பளிங்கு, அதாவது சோடியம் தயோசல்பேற்று, 10 கிராமை 100 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, 10 லீற்றருக்கு ஒரு மில்லிலீற்றர் விடுங்கள். நிறமாக இருக்கும் திரவங்களில் லேபலைப் பாருங்கள். மெத்திலீன் நீலம் சேர்ந்திருந்தால் பில்டரின் பக்றீரியா செத்துவிடும். கட்டடத்தின் மேல்தாங்கியைக் கழுவிக் குளோரின் தூள் போட்டார்கள் என்றால் அந்தக் கிழமை தண்ணீர் மாற்றாதீர்கள். சுடுநீர்க் குழாயிலிருந்து ஒருபோதும் எடுக்க வேண்டாம். அதன் செம்பு, பித்தளைப் பாகங்களிலிருந்து செம்பு கரைந்து வரலாம், செம்பு இறாலுக்கு நஞ்சு. மீனுக்கான மருந்துகள் பலவற்றிலும் செம்பு இருக்கிறது.

இறால் இல்லாத ஆறு கிழமை

தொட்டியை வைத்து, தண்ணீர் விட்டு, அடுத்த நாளே இறால் வாங்குவதுதான் இந்தப் பொழுதுபோக்கில் நடக்கும் மிகப் பெரிய தவறு. இறாலின் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. அதை நைத்திரைற்றாக மாற்ற ஒரு பக்றீரியாக் கூட்டம், நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்ற இன்னொரு கூட்டம். இரண்டும் ஸ்பொஞ்சில் குடியேற நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். எங்கள் வெப்பத்தில் சற்று முந்தியும் முடியலாம்.

பக்றீரியாவுக்கு இரை வேண்டும். ஆய்வுகூடத் தரமான நவச்சாரம், அதாவது அமோனியம் குளோரைட்டு, 0.22 கிராம் 35 லீற்றருக்குப் போட்டால் அமோனியா லீற்றருக்கு 2 மில்லிகிராம் வரும். கிடைக்காவிட்டால் மீன் தீனி ஒரு சிட்டிகை இரண்டு நாளுக்கொரு தடவை போட்டு அழுகவிடலாம், ஆனால் அளவு பிடிபடாது. முதலில் அமோனியா இறங்கும், நைத்திரைற்று ஏறும், பிறகு அதுவும் இறங்கும். 2 மில்லிகிராம் அமோனியா போட்டு 24 மணித்தியாலத்தில் அமோனியா, நைத்திரைற்று இரண்டும் பூச்சியமாக வந்தால் பில்டர் தயார்.

கொழும்பில் இந்த வேலை நடுவழியில் நின்றுபோவது வழக்கம். அமோனியா பல நாளாக இறங்காமல் நிற்கும். பிஎச்சை அளந்தால் 6க்குக் கீழே இருக்கும். இந்தப் பக்றீரியா வேலை செய்யும்போது அமிலம் உண்டாகிறது, அதைத் தாங்குகிற கேஎச் எங்கள் தண்ணீரில் இல்லை, பிஎச் விழுகிறது, பக்றீரியா வேலையை நிறுத்துகிறது. கேஎச்சை அளந்து, 2க்குக் குறைந்திருந்தால் அப்பச்சோடா சேருங்கள், திரும்ப ஓடத் தொடங்கும். அதனால்தான் கனிமக் கலவையை முதல் நாளே போடச் சொல்கிறேன்.

பில்டர் தயாரானதும் பாதித் தண்ணீரை மாற்றி, விளக்கு எரியவிட்டு, இன்னும் இரண்டு கிழமை பொறுங்கள். கண்ணாடியிலும் கல்லிலும் வழுவழுப்பான மென்படலம் பிடிக்கட்டும். குஞ்சுகளின் முதல் சாப்பாடு அதுதான்.

வாங்குவதும் விடுவதும்

பத்து முதல் பதினைந்து இறால் போதும். பெரிதாக, கடும் சிவப்பாக இருப்பதைத் தேடாதீர்கள். அது வயதான பெண் இறாலாக இருக்கும். இதன் ஆயுளே ஒன்று, ஒன்றரை வருடம், சூட்டில் இன்னும் குறையும். ஒன்றரை சென்ரிமீற்றர் அளவு இளசுகளே புதிய தண்ணீருக்கு நன்றாகப் பழகும். கடைத் தொட்டியில் அவை ஓயாமல் எதையாவது கொறித்துக்கொண்டிருக்க வேண்டும். சும்மா நிற்கும் கூட்டத்தை விட்டுவிடுங்கள்.

கடைத் தண்ணீரின் டீடிஎஸ்ஸையும் உங்கள் தொட்டியினதையும் அளந்து பாருங்கள். பையோடு மிதக்கவிட்டு அரை மணித்தியாலத்தில் திறந்துவிடும் மீன்கார முறை இங்கே ஆகாது. இறால்களைப் பைத்தண்ணீரோடு ஒரு பாத்திரத்தில் விட்டு, எயார் குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை விநாடிக்கு இரண்டு துளி வீதம் இறக்குங்கள். தண்ணீர் மூன்று மடங்காகும் வரை, ஒன்றரை, இரண்டு மணித்தியாலம். பிறகு வலையால் எடுத்து விடுங்கள், பைத்தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம். அடுத்த ஓரிரு நாளில் சாவு விழுந்தால் இந்த இடத்தில் அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

மீன் எதுவும் சேர்க்காதீர்கள். கப்பி குஞ்சுகளைத் தின்னும், ஃபைட்டர் பெரியவற்றையும் தின்னும்.

வெக்கை

மார்ச், ஏப்ரலில் வீட்டுக்குள் நிற்கும் தண்ணீர் 30 பாகையைத் தாண்டும். 28 வரை செர்ரி சந்தோசமாக இருக்கும். 30க்கு மேலே முட்டையை உதறத் தொடங்கும். காரணம் சூடு மட்டுமல்ல: 20 பாகையில் ஒரு லீற்றர் தண்ணீர் 9.1 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், 30 பாகையில் 7.6 மட்டுமே. அதே சூட்டில் இறாலுக்கும் பக்றீரியாவுக்கும் ஒட்சிசன் கூடுதலாக வேண்டியிருக்கும். அதனால் வெக்கை நாளில் எயார் பம்ப் நிற்கவே கூடாது. மின்வெட்டுக்காகப் பற்றறியில் ஓடும் சின்ன பம்ப் ஒன்றை வைத்திருங்கள்.

மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, சின்ன மேசை விசிறியை நீர்மட்டத்துக்குக் குறுக்கே ஓடவிட்டால் வெப்பம் குறையும். வறண்ட ஊர்களில் மூன்று, நாலு பாகை இறங்கும் என்பார்கள். கொழும்புக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் இங்கே ஒன்று, இரண்டு பாகைதான். அது போதாத நாளில் 500 மில்லிலீற்றர் போத்தலில் உறைந்த தண்ணீர் ஒன்று மிதக்கவிடுங்கள். 35 லீற்றரை ஏறக்குறைய ஒன்றரை பாகை இறக்கும். இரண்டாவது போத்தலை உடனே போடாதீர்கள், சடாரென்று குளிர்ந்தால் ஓடு கழற்றும் நேரம் பிசகும்.

விசிறி ஓடினால் தண்ணீர் வேகமாக வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டும், கனிமம் உள்ளேயே நிற்கும். ஆகவே குறைந்ததை நிரப்ப, குளோரின் போன வெறும் குழாய்த் தண்ணீர்; தண்ணீர் மாற்றும்போது மட்டும் கனிமம் கலந்தது. இந்த இரண்டையும் மாற்றிச் செய்தால் இரண்டு மாதத்தில் டீடிஎஸ் 400ஐத் தாண்டும்.

கிழமை வேலை

கிழமைக்கு பத்து வீதம், அதாவது மூன்றரை லீற்றர், எயார் குழாயால் உறிஞ்சி எடுத்து அதே அளவு மெதுவாக விடுங்கள். 20 லீற்றர் கலந்து மூடி வைத்தால் ஐந்து கிழமைக்கு வரும். பாதித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றிச் சுத்தம் பார்க்கிற கை, இறால் தொட்டிக்கு ஆகாத கை. ஸ்பொஞ்சைக் குழாயடியில் கழுவ வேண்டாம். எடுத்த பழைய தண்ணீரிலேயே மாதம் ஒருமுறை பிழியுங்கள்.

தீனி கிழமைக்கு மூன்று தடவை, இரண்டு மணித்தியாலத்தில் முடிகிற அளவு. மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள். பசளிக்கீரை, முருங்கையிலை, கெக்கரிக்காய்த் துண்டு எல்லாம் தின்னும். இரண்டு நிமிடம் சுடுநீரில் வாட்டிப் போடுங்கள். சந்தைக் கீரையில் மருந்து அடித்திருக்கும் பயம் உண்டு. பல்கனிச் சாடியில் வளர்த்த பசளியே மனத்துக்கு நிம்மதி. தானாக விழுந்து காய்ந்த கொட்டாங்காய் இலை ஒன்றை ஐந்து நிமிடம் அவித்துப் போட்டால் நரம்பு மட்டும் மிஞ்சும் வரை கிழமைக்கணக்கில் மேயும். காலி வீதியோரத்து இலையைப் பொறுக்காதீர்கள், வாகனப் புகை படிந்திருக்கும்.

தீனி கூடினால் முதலில் வருவது தட்டைப்புழு. வெள்ளையாக, தலை முக்கோணமாக, கண்ணாடியில் வழுக்கி நகரும். குஞ்சுகளையும் ஓடு கழற்றிய இறாலையும் தாக்கும். தீனியைப் பாதியாக்கி, இரவில் சின்னக் குப்பிக்குள் இறைச்சித் துண்டு வைத்துப் பொறி போட்டுப் பிடியுங்கள். செடியோடு ஊசித்தும்பியின் குஞ்சும் வரலாம். ஒல்லியாக, வாலில் மூன்று இலை போல இருக்கும். கண்ட உடனே எடுத்துவிடுங்கள். ஒன்றே ஒன்று போதும், கூட்டம் நாளுக்கு நாள் குறையும்.

அடியில் கண்ணாடி போல வெளிறி, உள்ளே ஒன்றும் இல்லாமல் கிடப்பது கழற்றிய ஓடு. அதை விட்டுவிடுங்கள், தின்று முடிப்பார்கள். இளஞ்சிவப்பாக, உள்ளே சதையோடு கிடந்தால் அது செத்த இறால்.

பெண் இறாலின் முதுகில் மஞ்சள் திட்டுத் தெரிந்தால் முட்டை தயாராகிறது. பிறகு வயிற்றின் கீழே இருபது, முப்பது முட்டையைக் கட்டிக்கொண்டு கால்களால் ஓயாமல் விசிறும். எங்கள் வெப்பத்தில் மூன்று, மூன்றரைக் கிழமையில் குஞ்சு வரும்.

டெங்கும் தொட்டியும்

2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வீட்டுக்குள் தேங்கும் தண்ணீருக்கும் பொருந்தும். இறால் நுளம்புக் குடம்பியை நம்பும்படி தின்னாது. தண்ணீர் மேற்பரப்பு எப்போதும் அசைந்தபடி இருக்கட்டும், மேலே நுண்வலை போடுங்கள். ஊறவைத்த வாளிகளையும் கலந்து வைத்த தண்ணீரையும் இறுக மூடுங்கள்; குடம்பி பிடிபடுவது பெரும்பாலும் அங்கேதான். சுகாதாரப் பரிசோதகர் வந்தால் தொட்டியைக் காட்டி, உயிர் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். குடம்பியைக் கொல்லப் போடும் டெமிஃபொஸ் குறுணை தொட்டிக்குள் விழுந்தால் இறால் மிஞ்சாது. அதே வேலைக்கான பீடிஐ பக்றீரியா மருந்து இறாலைத் தொடாது.

தெருவில் புகை அடிக்கும் அறிவித்தல் வந்தால் யன்னல்களை மூடி, பம்பை நிறுத்தி, தொட்டியின் வாயை மெல்லிய பொலித்தீனால் மூடி ஓரத்தை ஒட்டுங்கள். புகை அடங்கி ஒரு மணித்தியாலம் போனதும் யன்னல்களைத் திறந்து, அறையில் மணம் முற்றாகப் போன பிறகே பம்பை ஓடவிடுங்கள். இறால் அடர்த்தி குறைந்த தொட்டி இரண்டு, மூன்று மணித்தியாலம் பம்ப் இல்லாமல் தாங்கும்.

மிஞ்சினால்

ஆறு மாதத்தில் நூறைத் தாண்டலாம். அவற்றை வெள்ளவத்தைக் கால்வாயிலோ பேரை வாவியிலோ தியவன்னாவிலோ விடவே கூடாது. 1939இல் கொழும்பில் தாவரவியல் கல்விக்காகக் கொண்டுவந்த சல்வீனியா என்ற மிதக்கும் களை எப்படி நாட்டின் குளங்களையும் வயல்களையும் மூடியது என்பது தெரிந்ததே. எங்கள் ஓடைகளில் வேறெங்கும் இல்லாத சொந்த இறால் இனங்கள் இருக்கின்றன.

நண்பருக்குக் கொடுங்கள். முதல்நாள் தீனி போடாமல், பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் காற்று, பிடித்துக்கொள்ள ஒரு துண்டு மொஸ்; பத்து இறாலுக்கு அரை லீற்றர். வெளிச்சம் படாமல் துணியில் சுற்றினால் யாழ்ப்பாண இரவு பஸ்ஸிலும் நலமாகப் போய்ச் சேரும். அங்கே கிணற்றுத் தண்ணீருக்கு ஜிப்சமும் எப்சம் உப்பும் தேவைப்படாது. உவர்ப்பு இருக்கிறதா என்று டீடிஎஸ் பார்த்து, 400க்கு மேலே போனால் மழைநீர் கலந்து இறக்கி, துளித்துளியாக விடும் வேலையை மூன்று மணித்தியாலமாக நீட்டச் சொல்லுங்கள்.